ஏழு வீட்டுத் தூரம்

பால் பரிசோதகர் தெருவில் நடந்தால் இருபக்கமும் ஏழு வீடுகள் வரை பால் திரிந்துவிடும். மூன்று வருடமாக அப்படித்தான். எட்டேகாலுக்கு அவர் வேலைக்குக் கிளம்புவார் என்பதால் அக்கம்பக்கத்தார் எட்டு மணிக்குள் குடித்து முடித்துவிடுவார்கள். பால் கம்பெனியில் அவருக்குத் தொட்டிகளிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்து, பாலைக் கண்ணில் காட்டாமல் அறிக்கைகளை மட்டும் அனுப்பினார்கள். அவர் அதைப் பதவி உயர்வு என்று நம்பினார். பால் திரிவதற்கு வெயில்தான் காரணம் என்பார், மழைக்காலத்திலும்.

அதே மூன்று வருடத்தில் அவர் மனைவிக்கு இரண்டு முறை கருமுட்டை எடுத்து, அவருடைய விந்தோடு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்தார்கள். முதல் கருவின் வளர்ச்சி மூன்றாம் நாளோடு நின்றது. அடுத்ததைக் கருப்பைக்குள் வைத்தும் தங்கவில்லை. ஊசி குத்திக் கன்றிப்போன வயிறும் அவளுக்கு, அவருடைய அக்காவின் ஜாடைப் பேச்சும் அவளுக்கு. இன்னும் ஒரு தடவைதான், அதற்குமேல் உடம்பு தாங்காது என்று சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் விந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது.

"வலி இல்ல, காய்ச்சல் இல்ல. எனக்கு எதுக்கு டாக்டர்?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "வெள்ளையா இருக்குன்னு எந்த வண்டிப் பாலையாவது டெஸ்ட் பண்ணாம உள்ள விட்டிருக்கீங்களா?"

மறுநாளே அவர் பரிசோதனைக்குக் கொடுத்தார். கிருமி இருந்தது, நிறையவே. இருவருக்கும் மூன்று வாரம் மாத்திரை. "இதனாலதான் தங்கலன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கலாம். தெரிஞ்சப்புறம் சும்மா விடக் கூடாது," என்றார் டாக்டரம்மா. மறு பரிசோதனையில் கிருமி இல்லை. தெருவிலும் பால் திரிவது நின்றது. வெயில் குறைந்திருக்கும் என்றார் அவர். மூன்றாம் முயற்சியில் கருவை வைத்த அன்று, தான் கிட்டப் போனால் அதுவும் திரிந்துவிடும் என்ற பயத்தில், தெருக்கோடியில் எட்டாவது வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்துப் போய்விட்டார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

பதினான்காம் நாள் காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய்தாள்.

"தங்கியிருக்கு."

"நான் வரலாமா?"

"நீங்க அங்க தனியா பயந்தீங்க. நான் இங்க தனியா பயந்தேன். போதும், வாங்க."

ஏழு வீட்டைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. அடிக்கு ஒரு தரம் நின்றார். ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்கள், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல, "போங்க, ஒண்ணும் ஆகாது," என்று சொல்லி அனுப்பினார்கள்.