உள்பக்கத் தாழ்ப்பாள்

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகாணி முடுக்குகிறவள், அன்று சாயங்காலம் கைப்பையில் ஒரு தாழ்ப்பாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னடி இது?" என்றான் அண்ணன்.

"என் ரூம் கதவுக்கு. தாராளமாப் போட்டுக்கோன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய தாழ்ப்பாளைக் கழற்றியவனே அவன்தான். அவள் உள்ளே தாழிட்டுக்கொண்டு சாகப் பார்த்த அன்று, கதவை மோதித் திறந்த தோள் குளிர்நாளில் இன்னும் வலிக்கிறது.

"கொஞ்ச நாள் போகட்டுமே."

"நான் கிழவி ஆனதும் போடலாம்னு இருக்கியா?"

"கிழவி ஆயிட்டா உன்னை எவன் எட்டிப் பாக்கப்போறான்?"

சிரித்துவிட்டான். அவள் கடையிலிருந்து கொண்டுவந்த குட்டித் திருப்புளியை வாங்கிப் பார்த்து, "இது கொசுவுக்குக் கண்ணாடி மாட்டத்தான் ஆகும்" என்று தன்னுடையதை எடுத்துவந்தான்.

அவள் பிடித்துக்கொள்ள, அவன் முடுக்கினான். கணவன் வீட்டில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. 'மரியாதையாப் பேசக் கத்துக்கிட்டதும் திறக்கறேன்' என்பான். அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, அப்படிப்பட்டவன் போனில், 'உன் அண்ணன்தான் உன்னை அடைச்சு வச்சிருக்கான், நான் வந்து கூட்டிட்டுப் போறேன்' என்றபோது நம்பினாள். அவன் வரவேயில்லை. ஆனால் அண்ணனுக்குப் பெண் கொடுக்கப் பேச வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்று, "இவன் என்னைப் பூட்டி வச்சிருக்கான், காப்பாத்துங்க!" என்று அறைக்குள்ளிருந்து கத்தினாள். தள்ளினால் திறந்துவிடும் கதவு. வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"அண்ணா, அந்தப் பொண்ணு..."

"கடைத்தெருவுல பாத்தேன். இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. நல்லா இருக்கா."

"என்னை ஒரு வார்த்தை திட்டேன்."

"திட்டினா திரும்பி வந்துடுமா? கோணலாப் பிடிக்காதே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போய்ப் போட்டுப் பாரு" என்றான்.

உள்ளே போய்த் தாழிட்டாள். இத்தனை நாள் இதற்குத்தான் ஏங்கினாள். ஆனால் கதவின் அடியில் இரண்டு பாதங்களின் நிழல் நகராமல் நின்றது. முன்பென்றால் காவல் நிற்கிறான் என்று ஆத்திரப்பட்டிருப்பாள்.

"அங்கேயே நிக்கிறியா?"

"இல்லையே" என்றான், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அவள் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒரு பெரியவர், கண்ணாடியைத் தலைமேல வச்சுக்கிட்டே, என் கண்ணாடியைத் தொலைச்சிட்டீங்களேன்னு எங்க முதலாளியை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டார்" என்று அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லத் தொடங்கினாள். அன்று கத்தியதும் இதே இடத்திலிருந்துதான். பேச்சை நிறுத்தவில்லை.

வெளியே அவனும் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றான்.