எல்லாரும் விட்டுக்கொடுத்த சார்ஜர்

தெருமுனையில் தபால் பெட்டிக்கு அருகே பச்சை நிறத்தில் நிமிர்ந்து நின்ற அந்தச் சார்ஜர் கம்பத்தைக் கொண்டுவரச் சாரதி பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. நடக்க இயலாதவர்களையும் நோயாளிகளையும் மருத்துவமனையில் சேர்ப்பித்து, மீண்டும் வீட்டு வாசலில் இறக்கிவிடும் மின்சார வேனை ஓட்டுபவள் அவள். பெற்றோர் இட்ட பெயர் எங்கோ மறைந்துபோக, தெருவுக்கே அவள் சாரதி ஆனாள். அந்த வேனோ இரண்டாம் மாடிச் சன்னலிலிருந்து இறக்கிய நீண்ட ஒயரின் நுனியில்தான் உயிர் வளர்த்தது.

அவள் கணவர் ரொட்டிக்காரர். வீட்டின் கீழ்த்தளமே அவருடைய பேக்கரி. மின்னடுப்பும் வேனும் ஒரே மின்னிணைப்பில்தான் பசியாற வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்திறந்தால் ஃப்யூஸ் போய்விடும். ஆகவே வேன் நிறைந்த நாளில் ரொட்டி வேகாது. ரொட்டி வெந்த நாளில் வேன் பட்டினி கிடக்கும்.

"உன் வேன் தின்ன மிச்சத்துலதான் நான் ரொட்டி சுடணுமா?" என்பார் அவர்.

"உங்க ரொட்டி தின்ன மிச்சத்துல ஓட்டி, நான் நடுரோட்டுல நிக்கணுமா?" என்பாள் இவள்.

சண்டை அங்கே முடிந்துவிடும். சங்கடம் மட்டும் முடியாது.

வண்டி நிறுத்தத் தனியிடம் இல்லாத தெருக்களுக்குப் பொதுநிதியிலிருந்து சார்ஜர் அமைத்துத் தருவதாக நகராட்சி அறிவித்தபோது, சாரதிக்குக் கோடையில் சுனையைக் கண்டதுபோல் இருந்தது. கையெழுத்து வாங்க வீடு வீடாகப் படியேறி இறங்கினாள். அலுவலகத்தில் மேசைக்கு மேசை நின்றாள். கேட்ட இடமெல்லாம் 'எங்க தெருவுக்கு' என்றே கேட்டாள். 'எனக்கு' என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. தனக்கென்று கேட்பது இரத்தல் போலவும், ஊருக்கென்று கேட்பது தொண்டு போலவும் அவள் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது.

கம்பம் வந்தது. முதல் நாள் காலை, மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு வேனை நிறுத்திச் சார்ஜ் போட்டாள். அந்நேரம் பார்த்து மருந்துக் கடையிலிருந்து வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் அவள் நாத்தனார், தன் மின்சார ஸ்கூட்டரில் வந்து காலூன்றி நின்றாள். ரொட்டிக்காரரின் ஒரே தங்கை. வாய்த்துடுக்கில் தெருவுக்கு ஒருத்தி.

"பலே அண்ணி! ஊர்க் காசுல உங்க வீட்டுக்கு ஒரு பிளக் வந்திடுச்சே!"

சொல்லிச் சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். சொன்னவளுக்கு அது விளையாட்டு. கேட்டவளுக்கோ நெஞ்சில் தைத்த முள். பாதி ஏறியதும் ஏறாததுமாகச் சாரதி பிளக்கைப் பிடுங்கினாள். அன்றே சன்னலிலிருந்து பழைய ஒயர் மறுபடி இறங்கியது.

"வாசல்ல கங்கையை வரவழைச்சிட்டுக் கிணத்துல வாளி விடறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் ரொட்டிக்காரர்.

"அது ஊருக்கு வந்ததுங்க. ஊர் போட்டுக்கட்டும்."

"ஊரு போடுதா?"

போகும்போதும் வரும்போதும் கம்பம் தனித்தேதான் நின்றது. தான் மருத்துவமனைக்குப் போயிருக்கும் வேளையில் யாரேனும் போட்டுக்கொள்வார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் முற்பகல், டயாலிசிஸ் பிரிவில் நால்வரை இறக்கிவிட்டு அவள் திரும்பியபோது தெருமுனையில் கிரேன் பொருத்திய லாரி ஒன்று நின்றிருந்தது. கம்பத்தின் அடியில் ஒருவர் குனிந்து மரையாணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அருகே, கையில் டேப்லெட்டுடன் நகராட்சிப் பொறியாளர் அம்மையார்.

"என்னங்க மேடம், ரிப்பேரா?" என்று வேனை நிறுத்தி இறங்கினாள் சாரதி.

"ரிப்பேர் இல்லம்மா. எடுக்கிறோம். மூணு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் யாரோ போட்டிருக்காங்க. அதுவும் பாதியில விட்டிருக்காங்க. பக்கத்துப் பகுதியில ஆட்டோக்காரங்க வரிசையில நின்னு கேக்கறாங்க. இது பொதுப்பணம். வேணாங்கிற இடத்துல துருப்பிடிக்க விடலாமா, நீங்களே சொல்லுங்க."

அவர் கடிந்து பேசவில்லை. அதனாலேயே மறுத்துப் பேசவும் வழியில்லை.

லாரியைக் கண்டு தெரு கூடிவிட்டது. மாவு படிந்த கையோடு ரொட்டிக்காரர் வந்தார். எதிர் வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்தார். மூன்று சக்கர மின்வண்டியில் குழாய்களை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்ட குழாய்க்காரர் அதைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தார். ஸ்கூட்டரோடு நாத்தனாரும் வந்து சேர்ந்தாள்.

"நீங்க யாருமே போடலையா?" என்று சாரதி கேட்டாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "நான் எப்படிம்மா போடுவேன்? நீ திடீர்னு வந்து நின்னா? உன் வண்டியில உசிரு போகுது, வருது. என் கார்ல என்ன போகுது, பரீட்சைத் தாள்! நான் கடைவீதி வரைக்கும் போய்ப் போட்டுட்டு வர்றேன்."

"நானும் அங்கதான். போன வாரம் சாருக்குப் பின்னாடி வரிசையில நின்னேன்," என்றார் குழாய்க்காரர். "தெருவே பேசி வச்சிருக்கே, அது அக்காவோட சார்ஜர்னு."

"யாரு பேசி வச்சது?"

எல்லாக் கண்களும் நாத்தனார் பக்கம் திரும்பின. வாழ்நாளில் முதல் முறையாக அவள் சொல்லுக்குத் தடுமாறினாள்.

"நான்தான் அண்ணி. அன்னைக்கு ஏதோ சும்மா சொன்னேன், உங்க முகம் வாடிப்போச்சு. எனக்கு மனசே ஆறலை. அதான் வீடு வீடாப் போய், அண்ணிக்கு யாரும் இடைஞ்சல் பண்ணாதீங்க, காலியாவே விடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அண்ணிகிட்ட வந்து சொல்லலையாக்கும்?" என்றார் ரொட்டிக்காரர்.

"உங்க பொண்டாட்டி முகத்தைப் பார்த்தா பேச வாய் வருமாண்ணா?"

கொடிக்குத் தேரை ஈந்தவன் ஒருவன்தான் என்று கேட்டிருக்கிறோம். இந்தத் தெருவிலோ வீட்டுக்கு ஒருவர் இருந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து, கடைசியில் காற்றுக்குக் கொடுத்திருந்தார்கள்.

பொறியாளர் அம்மையார் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டார். "உங்க நல்ல மனசு புரியுதுங்க. ஆனா நல்ல மனசுக்கு மீட்டர் ஓடாதே. நான் ஆபீஸ்ல போய் என்னத்தைக் காட்டுவேன்? இங்க யாருக்காவது இது வேணுமா, வேணாமா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மற்றவர் முந்தட்டும் என்னும் அந்தப் பாழாய்ப்போன மரியாதை மறுபடியும் நடுவில் வந்து அமர்ந்துகொண்டது. கீழே குனிந்திருந்தவர் ஸ்பேனரை எடுத்தார்.

சாரதி வேனின் கண்ணாடிக்குள் பார்த்தாள். சார்ஜ் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பிற்பகலில் அந்த நால்வரும் ஊசி குத்திய கையை மடித்துக்கொண்டு அவள் வரும் வழியைப் பார்த்திருப்பார்கள். வீட்டிலோ மாலை ரொட்டிக்கு அடுப்பு ஏறியாயிற்று.

"எனக்கு வேணும்," என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். சொன்னபின் நாணம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஆகவே இன்னும் உரக்கச் சொன்னாள். "எனக்குத்தான் வேணும் மேடம். தெருவுக்குன்னு கேட்டேன், ஆனா எனக்கும் வேணும். இன்னைக்கே வேணும்."

வேனைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தினாள். தடித்த ஒயரை இழுத்து, ஊரார் பார்க்கப் பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்கு கண் விழித்தது.

ஸ்பேனர்க்காரர் நிமிர்ந்தார். "மேடம், ஏறிக்கிட்டிருக்கு. ஏறும்போது லைன்ல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமா. முடியட்டும், அப்புறம் பார்ப்போம்."

முடிந்ததா? வேன் விலகியதும் நாத்தனார் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து நுழைத்தாள். "இனிமே யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதா இல்ல. வழி விடுங்க!" அவள் பிளக்கை எடுக்குமுன்பே குழாய்க்காரரின் வண்டி அவள் முதுகில் இடிக்காத குறையாக வந்து நின்றது. வாத்தியார் வீட்டுக்கு ஓடிக் காரை எடுத்து வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒருவரும் நடிக்கவில்லை. அத்தனை பேட்டரியும் உண்மையாகவே காய்ந்து கிடந்தன. லாரிக்காரர்களுக்கு ரொட்டிக்காரர் சூடாகப் பன் கொண்டுவந்தார். அவர்கள் நிழலில் உட்கார்ந்து தின்று, இன்னொரு தட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்தபோது பொறியாளர் அம்மையார் டேப்லெட்டை மூடினார். "இன்னும் மூணு மாசம் இங்கயே இருக்கட்டும். இன்னைக்கு மாதிரியே சண்டை போடுங்க. நீங்க வசதியாச் சண்டை போட இன்னொரு கம்பத்துக்கும் நான் எழுதறேன்," என்றார். அவர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது சாரதி அங்கே இல்லை. நால்வரையும் அழைத்து வரப் போயிருந்தாள். கணவர்தான் பிறகு, தாமே வாதாடி வென்றதுபோல் கை கால் ஆட்டிச் சொல்லிக்காட்டினார்.

அதன்பின் தெருமுனையில் அமைதி என்பதே இல்லாமற்போயிற்று. யார் முந்தி, யார் பிந்தி என்று காலையில் ஒரு வழக்கு, மாலையில் ஒரு வழக்கு. குழாய்க்காரர் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார் என்று வாத்தியாருக்குத் தீராத மனக்குறை. அந்தக் கூச்சல் சன்னல் வழியே ஏறி வரும்போதெல்லாம் சாரதியின் உள்ளம் குளிர்ந்தது.

ஒரு மாலை அவள் வந்தபோது வாத்தியாரின் கார் ஏறிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அவர் கை விட்டுக்கொடுக்கும் பழக்கத்தில் பிளக்கை நோக்கிப் போயிற்று.

"தொட்டீங்கன்னா பாருங்க சார்! உக்காருங்க."

அவர் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார். வேனின் கதவைத் திறந்து வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரதி சாய்ந்துகொண்டாள். காற்று இதமாக வீசியது. பின்னால் ஒரு மின்சார ஆட்டோ வந்து நின்றது. இந்தத் தெருவில் அதுவரை பார்த்திராத முகம்.

"அம்மா, இங்க யாருக்கு அப்புறம் யாரு?"

"சாருக்கு அப்புறம் நான்," என்றாள் சாரதி. "எனக்கு அப்புறம் நீங்க. இன்ஜினை அணைச்சிட்டு நிம்மதியா இருங்க, நேரமாகும்."

"இதுல ஏதும்மா இன்ஜின்?" என்றார் அவர்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.