படுத்தே கழித்த ஒரு நாள்

ஓட்டக் கூட்டாளிகள் நடுவே அவருக்கு ‘நாற்பது’ என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய நாடி நிமிடத்துக்கு நாற்பதுதான் துடிக்கும். நெடுந்தூரம் ஓடிப் பழகிய இதயத்துக்கு அதுதான் அழகு என்பார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, இருபது வருட ஓட்டம், ஐம்பதை நெருங்கும் வயது. வாசலில் மழைக்காலத்துக் காளான் மாதிரி ஷூக்கள். மனைவி தையல்காரி. எனக்குத் தைக்க வருகிற துணியைவிட உங்க ஷூ அதிகம் என்று கேலி செய்வாள்.

ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் கைக்கடிகாரம் நாடியை இருநூற்றுப் பத்து என்று காட்டியது. லிஃப்ட்காரர் அல்லவா, அளவு தப்பாக வந்தால் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார். கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் நெஞ்சுப்பட்டையை நனைத்துக் கட்டினார், பேட்டரி மாற்றினார், கடைசியில் கடிகாரத்தையே மாற்றினார். புதியதும் அதையே சொன்னது. பாதி வழியில் கண் இருண்டு உட்கார்ந்த பிறகுதான் புருஷனும் மனைவியும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. வருஷக்கணக்கில் அளவுக்கு மீறி ஓடும் சிலருக்கு இதயத்தின் மேல் அறை விரிந்து, துடிப்பின் தாளம் தப்பும். தப்பினால் உள்ளே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைக்கலாம் என்றார். நிச்சயப்படுத்த ஒரு சின்னப் பெட்டியை நெஞ்சில் ஒட்டினார். இருபத்துநாலு மணி நேரம் அது துடிப்பைப் பதியும். எப்போதும் போல் இருங்கள், எப்போதும் போல் ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

“ஓடப் போகலையா?”

“ஓடினா மாட்டிக்குவேன். இனி ஓடவே கூடாதுன்னுடுவாங்க. ஒரே ஒரு நாள், நீ கண்டுக்காத.”

அவளுக்குக் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரியாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். வேலையில் திட்டு வாங்கிய நாளும், தம்பி செத்த நாளும், ஓடிவிட்டு வந்த பிறகுதான் அவர் மனுஷனாக உட்கார்ந்து பேசினார். அதைப் பிடுங்கிவிட்டால் யாரோடு குடித்தனம் நடத்துவது என்று பயந்துபோனாள். சாப்பாட்டைப் படுக்கைக்கே கொண்டுபோனாள். தண்ணீரும் கை கழுவக் கிண்ணமும் அங்கேயே போயின. சத்தத்தில் அவருக்குத் தூக்கிவாரிப் போடக் கூடாதென்று தையல் மிஷினை நாள் முழுக்கத் தொடவில்லை.

பெட்டியில் ஒரு குறையும் பதியவில்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், பார்த்து ஓடுங்கள் என்றார் டாக்டர். இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

மூன்றாம் மாதம், ஓடிவிட்டு வந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தவரின் வலது கை பாதியில் நின்றது. வாய் கோணியது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை; வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது.

வார்டில் டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். தான்தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று மனிதர் தவிப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அன்னைக்கு இவர் ஓடல டாக்டர். நாள் பூரா படுத்தே கிடந்தார். சாப்பாடு, தண்ணி எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

டாக்டர் தாளை மடித்தார். கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இனிமேலும் அப்படித்தாம்மா பார்த்துக்கணும்.”

படுத்திருந்தவருக்குக் காதில் ஒரு பழுதும் இல்லை. எல்லாம் கேட்டது.