கேப்டன் கையெழுத்து

பதினான்காம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, துணிக்கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள் அனுப்பிரியா. ரூமானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் ஒருநாளும் இவள் அந்த ஜெர்சியைத் துவைத்ததில்லை. மேட்ச் முடிந்தால் வியர்வையோடு சுருட்டிக் கிட் பைக்குள் திணித்துவிட்டுப் போய்விடுவாள். ஹாஸ்டல் குழாயடியில் உட்கார்ந்து அலசிப் போட்டதெல்லாம் ரூமானாதான். கேப்டன் என்றால் சும்மாவா? இன்றைக்கு, விட்டுப் போகிற அன்றைக்கு, மடிப்புக் கலையாமல் வந்திருக்கிறது மகாராணியின் ஜெர்சி.

கூடவே ஒரு தாள். படிப்பை விட்டுப் போகிறவர்கள் எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டிய நோ டியூஸ் தாள். நூலகம், ஹாஸ்டல் எல்லாம் முடிந்து விளையாட்டுக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கொடுத்த சாமானெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் பி.டி. சார் ராஜமாணிக்கம் சீல் வைப்பார். சீல் விழுந்தால்தான் டி.சி. சென்னையில் புதிதாக ஆரம்பிக்கிற லீக்கில் சம்பளத்துக்கு ஆட அனுப்பிரியாவை எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் டி.சி.யோடு போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"பன்னெண்டு நாள்ல சவுத் ஜோன் மேட்சு. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் போற."

பாஸ்கெட்பால் கோர்ட்டில் பயிற்சி நின்றுபோயிருந்தது. அவளைக் கண்டதும் மற்ற பெண்கள் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள். ஸ்ரீமதி மட்டும் குனியாமல், அவளைப் பார்த்துக்கொண்டே தரையில் துப்பினாள். போன வருஷம் ஐந்தாவது இடம். முதல் நாலுக்குள் வந்தால் கிடைக்கிற சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலைக்கு எழுதிப் போடலாம். மூன்றாம் வருஷம் படிக்கிற ரூமானாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கூடைக்கு அடியில் ஆறடிக்கு நிற்கிற இவள் இல்லாமல் நாலாவது இடமாவது, மண்ணாவது.

ரூமானா பையைக் கிளறினாள். "சாக்ஸ் எங்க?"

"சாக்ஸா? அத யாருக்கா திருப்பிக் குடுத்துருக்காங்க?"

"நான் கேக்கறேன். ஒரு ஜோடி குறையுது. போட மாட்டேன்."

அற்பத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் நன்றாக இருந்தது. அனுப்பிரியா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலில் இருந்த சாக்ஸை உருவி இஸ்திரி போட்ட ஜெர்சியின் மேல் வைத்தாள்.

"போதுமா? எங்கப்பா அரை நாள் லீவு போட்டுட்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாரு. செம்மங்குப்பம் கம்பெனியில இருவது வருசமா காண்ட்ராக்ட்டு லேபரு. டிகிரி முடிச்சிட்டு அங்கியே பில்லு போடச் சொல்றியா என்ன?"

"நாங்க மட்டும் என்ன கோட்டையிலயா பொறந்தோம்? டீமுக்காக இல்ல இருக்கோம்?"

"யாரு உன்ன இருக்கச் சொன்னது?" எழுந்து நின்றாள் அனுப்பிரியா. "மொதல்ல உன்னத்தான் கேட்டாங்களாம். லீக்கு மேனேஜரு சொன்னாரு. பயந்துட்டாங்க உங்க கேப்டன்னு சிரிக்கிறாரு."

பின்னால் லேஸ் கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

ஜூன் மாதம் வந்த போன் அது. பரங்கிப்பேட்டை வீட்டுக் கொல்லையில் நின்று, "டீம் இருக்கு சார், உட்டுட்டு வர முடியாது" என்று சொல்லியிருந்தாள் ரூமானா. யாரிடமும் மூச்சு விடவில்லை. இத்தனை மாதமாக அந்த ஒரு வாக்கியத்தை உள்ளுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா அப்போது முன்னறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்துப் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமில்லை. சரி, போ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். இவளோ அந்தப் பயத்தை உள்ளே புகுந்து பார்த்தவள் மாதிரி நிற்கிறாள். ரூமானாவுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

"குடு" என்றாள்.

சுற்றிலும் மேஜை இல்லை. வெளியூர் மேட்ச்சுக்குப் போகும்போதெல்லாம் ரயில்வே ஸ்டேஷனில், பஸ் ஸ்டாண்டில், எந்தத் தாளில் கையெழுத்துப் போடவும் அனுப்பிரியாவின் முதுகுதான் கேப்டனுக்கு மேஜை. இப்போதும் யாரும் சொல்லாமலே அவள் திரும்பி, வெறுங்காலோடு குனிந்து நின்றாள். புதுச் சுடிதாரின் மேல் தாளை வைத்துப் பிடித்தாள் ரூமானா. மூச்சுக்கு மூச்சு தாள் ஏறி இறங்கியது.

"சீக்கிரம்க்கா. பதினோரு மணி பஸ்சு போயிடும்."

ரூமானா பேனாவை ஊன்றி முதல் எழுத்தைப் போட்டாள். வேண்டுமென்றேதான் அழுத்தினாள். தாளில் ஓட்டை விழுந்தது.

"குத்துதுக்கா" என்றாள் அனுப்பிரியா. ஆனால் நிமிரவில்லை.

இரண்டாவது எழுத்தை இன்னும் அழுத்திப் போட்டாள் ரூமானா.