ஒரே ஒரு அணு கனம்

பென்சில் கரிதான் கிராஃபைட். அதில் ஒரு துணுக்கை ஒட்டு நாடாவில் ஒட்டி, மடித்து, பிய்த்து, மறுபடி மடித்துப் பிய்த்தால் ஏடு ஏடாகக் கழன்று வரும். கடைசியில் மிஞ்சுகிற ஒற்றை ஏட்டுக்குத்தான் கிராஃபீன் என்று பெயர். கரி அணுக்கள் தேன்கூடு மாதிரி கைகோத்த வலை. கனம் ஒரே ஒரு அணு. கேட்பவனுக்குத் தலை சுற்றும், பிய்ப்பவனுக்கு விரல் வலிக்கும்.

அந்த ஆய்வகத்தில் மாமாவும் மச்சினியும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து பிய்த்தார்கள். அவள் அவன் மனைவியின் தங்கை. அந்த ஏட்டில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று கடுங்குளிரில் அளக்க இருந்ததோ ஒரே இயந்திரம். இன்று அவள் முறை. மதியத்துக்குள் ஒற்றை ஏட்டைக் காட்டாவிட்டால் முறை அவனுக்கு. அவன் தன் ஏட்டைப் பெட்டியில் தயாராக வைத்திருந்தான். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான்.

காலையில் அவளுக்குக் கிடைத்தும்விட்டது. அம்மணி குதித்த குதியில் கை பட்டு, நுண்ணோக்கியின் தட்டு நகர்ந்துவிட்டது. நாடாவிலிருந்து ஏடுகளை ஒற்றியெடுத்த சிலிக்கான் சில்லில் அது எந்த மூலை என்று குறித்துக்கொள்ளவும் இல்லை. சில்லு நகத்தளவு, ஏடோ தூசியைவிடச் சிறிசு.

"மாமா, கண்ணு பூத்துப்போச்சு. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"என்கிட்டயா கேக்கற? கிடைக்கலன்னா மெஷின் எனக்குத்தான்."

"தெரியும். வேற யாரைக் கேக்க?"

அவன் உட்கார்ந்தான். ஒப்புக்குத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? வஞ்சகம்தான், தெரிந்தேதான் நுண்ணோக்கியின் திருகை உருட்டினான். சில்லின் ஊதா நிறத் தரை மெல்ல நகர்ந்தது. தடித்த துணுக்குகள் மஞ்சளாய்ப் பல்லிளித்தன.

அப்புறம் அது வந்தது. ஊதாவின் மேல் கொஞ்சம் அழுத்தமான ஊதா, மூச்சு பட்ட கண்ணாடி போல. இதற்கு மேல் உரிக்க உலகத்தில் எதுவும் இல்லை.

"அடியேய்! வந்துடுச்சு! ஒத்தை ஏடு, ஓடி வா!"

கத்தியது தான்தான் என்பது, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த பிறகே அவனுக்கு உறைத்தது. அவள் பாய்ந்து வந்து இடத்தைக் குறித்தாள், படம் பிடித்தாள், பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"மாமா, உங்க முறை போச்சே."

"போனா போகுது. நீ தள்ளு, இன்னொரு தடவை பாத்துக்கறேன்."