வண்டி வராத வழி

என் கணவர் முபினுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சைக்கிள் ஓட்டுவது. இன்னொன்று, அந்த சைக்கிளை யாருமே போகாத ரோட்டில் ஓட்டுவது. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் ஹாரன், மைக் செட், ஆட்டோ. பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம், கடை வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு மலை சுற்றப் போய்விடுவார்கள். அதனால் மனுஷனுக்கு அமைதி என்றால் உயிர்.

சாப்பிட்டு முடித்ததும் போனில் சாட்டிலைட் படத்தை விரித்துக்கொண்டு உட்காருவார். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஏரி, நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போயாக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பாதையைப் போடுவார். எதிரே எத்தனை வண்டி வந்தது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு வண்டியும் வரவில்லை என்றால் அது முதல் தரமான பாதை.

"யாரும் போகலன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ங்க" என்பேன்.

"இருக்கே. எல்லாரும் சோம்பேறிங்க" என்பார்.

நானும் கூடவே போவேன். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. பள்ளம் வந்தால் கத்துவேன், நாய் வந்தால் கத்துவேன், ஒன்றும் வராவிட்டாலும் மெதுவாகப் போங்க என்று கத்துவேன். ஏழு வருஷக் கல்யாணத்தில் என் கத்தல் அவருக்கு ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு தை மாதத்துப் பனி. விடியற்காலை பஜர் தொழுதுவிட்டு வேங்கிக்கால் வீட்டிலிருந்து கிளம்பினோம். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு கிளை ரோட்டில் திரும்பினோம். அதற்கப்புறம் காப்புக்காடு தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தைலமரம், கீழே உன்னிப் புதர். பனியில் முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. புதுத் தார். ஆனால் ஒரு பால் வண்டி இல்லை, புல் அறுக்கப் போகிற ஒரு பெண் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. நாய் இல்லாத ரோட்டை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"ஒரு வண்டிகூட இல்ல பார்த்தியா!" என்று அவர் முன்னாலிருந்து சந்தோஷமாகக் கத்தினார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

ஏரிக்குப் பிரிகிற இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு டீக்கடை. அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பெயர் கன்னியம்மாள் என்றாள். எங்கள் ஹெல்மெட்டையும், ஹெல்மெட்டுக்குக் கீழே என் முக்காட்டையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா இந்நேரத்துக்கு?" என்று கேட்டாள்.

"ஏரிக்கரை மேல போயி, அந்தப் பக்கம் காட்டு ரோட்டைப் புடிக்கலாம்னு" என்றார் முபின்.

அந்த அம்மாவின் கை கிளாஸோடு அப்படியே நின்றது. "அங்க ரோடு இல்லப்பா."

"மேப்ல இருக்குதே."

"மேப்ல இருக்கும். இன்னொரு டீ குடிங்க. வெளிச்சம் வரட்டும்."

"வெளிச்சம் வந்துடுச்சும்மா."

"இது வெளிச்சமா? பனி கலையட்டும். போண்டா போடறேன், சூடா சாப்ட்டுப் போங்க. காசு வேணாம்."

எங்கேயாவது டீக்கடையில் காசு வேண்டாம் என்று போண்டா தருவார்களா? எனக்கு அப்போதே உறுத்தியது. முபின் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் அவருடைய முன்சக்கரத்தில் துளிக் காற்று இல்லை. முள் எதுவும் குத்தவில்லை. வால்வு மூடி மட்டும் கழன்று தரையில் கிடந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் தண்ணீர் எடுக்க என்று ஒருமுறை வெளியே போனது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் அடுப்பை ஊதினாள்.

"ஏங்க, அந்தம்மாதான் காத்தப் புடுங்கி விட்டிருக்காங்க" என்று கிசுகிசுத்தேன்.

"அவங்களுக்கு இன்னா லாபம்? போண்டா விக்கவா?" என்று அவர் கைப்பம்பை எடுத்து வேகவேகமாக அடித்தார். காற்று அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாங்கள் ஏறி மிதித்தபோது, "நில்லும்மா, சொல்றத கேளும்மா" என்று பின்னால் அவள் குரல் வந்தது. நான் நின்றிருக்கலாம். அவர் அதற்குள் பனிக்குள் போய்விட்டார், நானும் போனேன்.

ஏரிக்கரை மேலே ஏறியதும் இடது பக்கம் தண்ணீர். அலையில்லாமல் ஈயம் ஊற்றியது மாதிரி கிடந்தது. வலது பக்கம் கீழே வேர்க்கடலைக் கொல்லை, காய் பிடிக்கிற பருவம். கொல்லைக்கு அந்தப் பக்கம் காடு. கரை பாதியிலேயே முள் மண்டி நின்றுவிட்டது. முபின் போனைப் பார்த்தார். கொல்லை வரப்பு வழியாகப் போனால் காட்டு ரோடு வந்துவிடும் என்று காட்டியது. அவருடைய வழக்கம் இதுதான். சந்தேகமான இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு முதலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். மற்றவர்களைக் கூட்டி வருமுன் தான் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பார். பொறுப்பான மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நீ சைக்கிளப் பாத்துக்கோ. அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, போனை ஹேண்டில்பாரிலேயே விட்டுவிட்டு, கரைச் சரிவில் இறங்கினார். கீழே ஒரு மோட்டார் கொட்டகை. அதன் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து வரப்பில் ஏறி நடந்தார். கொட்டகை வாசலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் வெளியே வந்து, போகிறவரின் முதுகைப் பார்த்தான். கூப்பிடவில்லை. இப்படி ஒருவர் தன் கொல்லைக்குள் போனால் யாராவது ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா?

அப்போதுதான் பின்னால் செருப்பில்லாமல் ஓடி வருகிற சத்தம். கன்னியம்மாள். மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அவரு... எங்கம்மா?"

கையைக் காட்டினேன்.

"ஐயோ, கொல்லைக்குள்ள போய்ட்டாரா! கம்பி கட்டியிருக்கு தாயே. பன்னிக்கு. கரண்ட்டு கம்பி. விடியறதுக்குள்ள ஊர்ல யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. சொன்னா கேஸாயிடும்னு வாயத் தொறக்க மாட்டாங்க. நானுந்தான்..."

கீழே பார்த்தேன். சொன்ன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. குச்சி குச்சியாக நட்டு, முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி கொல்லையைச் சுற்றி ஓடியது. கொட்டகை ஓரத்தில் மட்டும் வழி விட்டிருந்தது. முபின் போய்க்கொண்டிருந்தது காட்டுப் பக்கத்துக் கம்பியை நோக்கி. கொட்டகைக்கு மேலே போகிற மின்கம்பியில் ஒரு மூங்கில் கழியின் கொக்கி தொங்கியது; அதிலிருந்து ஒரு ஒயர் அந்தக் கம்பிக்கு இறங்கியது.

கத்தினேன். என் உயிர் முழுவதையும் தொண்டையில் வைத்துக் கத்தினேன். "நில்லுங்க! அங்கேயே நில்லுங்க! கம்பி!"

அவர் திரும்பினார். பனியில் முகம் தெரியவில்லை. கையைத் தூக்கி, வரேன் வரேன் என்று ஆட்டினார். மறுபடியும் திரும்பி நடந்தார். ஏழு வருஷமாகப் பள்ளத்துக்கும் நாய்க்கும் கத்தித் தீர்த்தவளுக்கு, இப்போது எமனுக்காகக் கத்த வேறு குரல் இல்லை.

சரிவில் உருண்டு புரண்டு கொட்டகைக்கு ஓடினேன். கன்னியம்மாள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"மாறா, கொக்கிய எடுறா!"

அவன் அசையவில்லை. "எந்தக் கொக்கி?"

"அண்ணா, என் வூட்டுக்காரருங்க. கால்ல விழறேன். நிறுத்துங்கண்ணா" என்றேன்.

"எதை நிறுத்தறதும்மா? இங்க கரண்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் அவன் என்னிடம். நிதானமாகச் சொன்னான்.  அவனுக்குத் தெரியும். எனக்கு எதிரில் கொக்கியை எடுத்தால் கம்பி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எடுக்காவிட்டால், பனியில் வழி தெரியாமல் வந்து செத்த ஒரு டவுன்காரர், அவ்வளவுதான்.

"டேய், நான் பெத்த புள்ளதான நீ? எடுறா!"

"நீ சும்மா கிட. கடைக்குப் போ."

கழியைப் பிடுங்கப் பாய்ந்தேன். ஒரே தள்ளு. வாய்க்கால் ஈரத்தில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் முபின் கொல்லையின் கடைசிக்குப் போய்விட்டார். கம்பிக்கு இன்னும் பத்தடி இருக்குமா, தெரியவில்லை. யா அல்லாஹ் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை.

கன்னியம்மாள் அழவில்லை, கெஞ்சவில்லை. புடவையைத் தூக்கிச் செருகினாள். வெறுங்கால், பனி ஈரம். நேராக எங்களுக்குப் பக்கத்தில் ஓடிய கம்பியிடம் நடந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்ன இல்ல. அப்ப நான் தொடறேன்."

"யம்மா!"

அவள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. குனிந்து, கையை நீட்டினாள்.

அவன் கம்பளியை உதறிவிட்டுப் பாய்ந்தான். கழியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் மேலே நீலமாக ஒரு பொறி தெறித்தது. குண்டு பல்பு அணைந்தது. கழியோடு அவனும் விழுந்தான். கன்னியம்மாளின் விரல்கள் கம்பியின் மேலேயே இருந்தன. உயிரோடுதான் இருந்தாள்.

நான் கொல்லைக் கடைசியைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் என் கணவர், அதே கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்து, காலைத் தூக்கி வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தார். தாண்டி நின்று, எங்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். "வழி இருக்கு சதஃப்!" என்ற குரல் பனியில் மெல்லிசாக வந்தது.

வாய்க்கால் ஈரத்திலிருந்து கையை ஊன்றி எழுந்தேன்.  அதற்குள் மாறன் அவசர அவசரமாகக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், தலையைத் தூக்காமல், "நீங்க ஒண்ணும் பாக்கல. திரும்பிப் போறதுக்கும் இதே காட்டு ரோடுதான், ஞாபகம் வெச்சிக்குங்க" என்றான். சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

கன்னியம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலைத் தொடப் போனேன். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என் கால தொடாத. எனக்குன்னதும் எப்படி ஓடியாந்தான் பாத்தியா?"

"பெத்த அம்மா ஆச்சே" என்றேன்.

"உன் வூட்டுக்காரருக்குன்னா நின்னுனு பாத்துனு இருந்தானே. அதையும் பாத்தேன். பயந்துபோயிதான் இப்படி இருக்கான், அறியாத புள்ளன்னு இத்தினி நாளு நெனச்சினு இருந்தேன்."

 கொல்லையின் கடைசியிலிருந்து முபின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவது தெரிந்தது. கொட்டகைக்குள் கம்பியை ஒளித்து வைக்க இரும்புப் பெட்டி எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. கன்னியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, கரைமேல் சைக்கிளில் இருந்த போனைக் கண்ணால் காட்டினாள்.

"போயி போன் போடு. போலீஸோ, கரண்ட்டு ஆபீஸோ, யாருக்குப் போடணுமோ போடு. நான் இங்க உக்காந்து இருக்கறப்பவே போடு தாயே. வூட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிடும்."