விட்டுப் போனவர்கள் சொன்ன நல்ல வார்த்தை

கிரேன் என்றால் அந்த வட்டாரத்து ஜிம்களில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால்தான் முழிப்பார்கள். கிடங்கில் மூட்டை தூக்கியே ஆளான உடம்பு. அவன் அப்பாவும் அங்கேதான் தூக்கினார். தூக்கின பாரமெல்லாம் முதுகிலேயே தங்கிவிட, இப்போது கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறார். அந்தக் கதி நமக்கு வேண்டாம் என்று மகன் மூட்டையை விட்டுவிட்டு, மேம்பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு ஜிம்மில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான்.

"அங்கயும் பாரம், இங்கயும் பாரம். இங்க கண்ணாடி வச்சிருக்கான், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வான்.

பயிற்சியாளன் என்று பேர்தானே ஒழிய, யாரும் அவனுக்கு எதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததில்லை. போனில் பார்த்த வீடியோ, பக்கத்து ஆள் செய்ததைப் பார்த்துச் செய்தது, கிடங்கில் பட்டுத் தெரிந்துகொண்டது, எல்லாவற்றையும் கலந்துகட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். யாராவது முட்டி வலிக்கிறது என்றால் ஏனென்று அவனுக்குத் தெரியாது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் "உடம்பைச் சூடு பண்ணிட்டுப் பண்ணு, சரியாயிடும்" என்பான்.

வீட்டில் அவன் மனைவி, அப்பா, அப்புறம் கொழுந்தியாள். பெற்றவர்கள் போன பிறகு அக்காள் வீட்டோடு வந்துவிட்டவள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் வாலு. கைப்பந்து ஆடுவாள். அந்த ஊர்க் கிளப் அணித் தேர்வுக்குப் போனபோது, "கை நல்லா இருக்கு, கால்தான் தரையை விட்டு எழும்பல. வலுவேத்திக்கிட்டு அடுத்த சீசனுக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே கிளப்பில் உதவி உடல்திறன் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்ற செய்தியையும் அவள்தான் கொண்டுவந்தாள். நிரந்தர வேலை. ஆனால் பேர் பெற்ற ஒரு பயிற்சியாளரிடம் உதவியாளாக இருந்து கற்றிருக்க வேண்டும்.

"நீங்க யார்கிட்ட போறீங்களோ, நானும் அங்கதான் மாமா. முடிவெட்டக் கத்துக்கறதுக்கு ஒரு தலை வேணும்ல? அந்தத் தலை நான்தான்."

"உன் தலையில வெட்டறதுக்கு என்ன இருக்கு? வாயைத்தான் கொஞ்சம் வெட்டணும்" என்றான் கிரேன்.

போகக்கூடிய இடம் இரண்டே இரண்டு. ஒன்று மாஸ்டரின் ஹால். கடைத்தெருவில் ஒரு மாடி முழுக்க அவருடையது. சுவர் முழுக்க மாலை போட்ட வீரர்களோடு அவர் நிற்கும் படங்கள். யாராவது அதுவரை தூக்காத எடையைத் தூக்கிவிட்டால் ஒரு பித்தளை மணியை அவரே அடிப்பார். மொத்த ஹாலும் கைதட்டும். இன்னொன்று, மூடிப்போன பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பயிற்சி கொடுத்துவந்த ஓர் அம்மாள். தூங்கினாயா, எங்கே வலிக்கிறது, மாதவிடாய் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் எடை மாட்டும் ராடைத் தொடவிடுவார். அதனால் ஜிம்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நர்ஸ். கிரேனும் அப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

அவன் மனைவி பார்சல் கிடங்கில் ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை செய்பவள். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"எங்க கிடங்குக்குப் புதுசா சூப்பர்வைசர் வந்தா, எவ்வளவு பார்சல் தள்ளினான்னு ஆபீஸ்காரன் பாப்பான். நாங்க அதைப் பாக்கமாட்டோம். அவன்கிட்ட வேலையை விட்டு நின்னவங்க யாருன்னு தேடிப் போய்க் கேப்போம். சுவத்துல இருக்கற படத்தைப் பாத்துட்டு வாயைப் பொளந்துக்கிட்டு வந்துடாதீங்க. படத்துல இல்லாதவங்களைப் பாத்துட்டு வாங்க. உங்களை நம்பித்தான் என் தங்கச்சியை விடறேன்."

அது அவனுக்குச் சரியென்று பட்டது. கிளம்பினான்.

முதலில் கிடைத்தவர் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். ஒருகாலத்தில் மாஸ்டர் ஹாலில் பெரிய கை. இருக்கையின் முதுகுப்புறம் ஒரு பலகையைச் செருகி வைத்திருந்தார். இறங்கும்போது கதவைப் பிடித்து, ஒரு காலை வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் மறுகாலை இறக்கினார்.

"மாஸ்டரா? தெய்வங்க அவரு."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"என் உடம்பு ஒத்துழைக்கல. அவரு என்ன பண்ணுவாரு? சரியாத்தான் சொன்னாரு, நான்தான் மூச்சைப் பிடிக்காம விட்டுட்டேன். ஒரு நாள் எனக்காக மணி அடிச்சாரு தம்பி. ஹால் பூரா எந்திரிச்சு நின்னுச்சு. என் கல்யாணத்துலகூட அத்தனை பேர் எனக்காக எந்திரிக்கல."

அடுத்தவள் போன் பழுதுபார்க்கும் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவனோடு பேசும்போதே ஒரு சின்னத் திருகு கீழே விழுந்தது. "கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? நான் குனியறதில்ல" என்றாள், ஏதோ நான் காபி குடிப்பதில்லை என்பதுபோல. அவன் எடுத்துக்கொடுத்தான்.

"மாஸ்டர் மாதிரி வருமா? பொண்ணாச்சேன்னு இரக்கமே பாக்கமாட்டாரு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"வலிக்குதுன்னு சொல்லலையா நீங்க?"

"சொன்னேனே. 'வலி ஒரு கதவு, தள்ளு'ன்னாரு. தள்ளினேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்குத் தெம்பு பத்தல. வேற எவளாவதா இருந்தா மெடலோட வெளிய வந்திருப்பா."

உடம்பைக் கெடுத்தவனைப் பற்றி வாய் நிறையத் திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் கிரேன் போயிருந்தான். இவர்களோ தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்கள்.

நர்ஸிடமிருந்து விட்டுப் போனவன் ஒருத்தனையும் பிடித்தான். சமையல் எரிவாயு சிலிண்டர் போடுகிறவன். தோளில் சிலிண்டரோடு படியில் இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே பேசினான். கூட ஏறின கிரேனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அந்தம்மாவா? என் வாழ்க்கையைக் கெடுத்ததே அதுதான். ஏத்தவே விடாது. இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாக்கலாம். மாமியார்கூட அவ்வளவு கேள்வி கேக்காது. மாஸ்டர்கிட்ட போயிருந்தா எங்கயோ போயிருப்பேன்."

"முதுகு, முட்டி எல்லாம் எப்படி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றான் எரிச்சலோடு. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

மறுநாள் தகரக் கொட்டகைக்கும் போனான். ஒரு பெண் ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்து ஸ்குவாட் செய்துகொண்டிருந்தாள். கிரேன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "நேத்து மாடிப்படியில ஓடினியா?" அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். "எழும்பும்போது இடது முட்டி உள்ள போகுது. ராடை வச்சிட்டுப் போய்ப் படு." அப்புறம்தான் கிரேனும் பார்த்தான். ஒரு விரற்கடை அளவுகூட இருக்காது. இத்தனை வருடம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது என்பதில் அப்போதே அவனுக்குச் சந்தேகம் இல்லை.

"வாங்க, கத்துத்தர்றேன்" என்றார் அந்த அம்மாள். "ஆனா முதல்ல கொஞ்ச நாளைக்கு நீங்க பாக்க மட்டும்தான் செய்யணும், வாயைத் திறக்கக்கூடாது. இன்னொன்னு, முன்னாடியே சொல்லிடறேன். என் பேரைச் சொன்னா அந்தக் கிளப்புல உங்களுக்குத் தண்ணிகூடக் கொடுக்கமாட்டாங்க. என் பசங்க யாரும் பேப்பர்ல வந்ததில்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கால் போன போக்கில் கடைத்தெருவுக்குப் போய் மாஸ்டரின் மாடி ஏறினான். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனான்.

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பி, காய்த்துப்போன உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். "மூட்டையா?"

"ஆமாங்க."

"இதைப் படிச்சு வாங்க முடியாதுடா. படிச்சுட்டு வர்றவன் எல்லாம் கையில க்ரீம் தடவிட்டு வர்றான். நீ நாளையிலேர்ந்து வா." ஹாலைத் திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னார்: "டேய், இந்தக் கையை எல்லாரும் வந்து பாருங்கடா!"

எல்லோரும் வந்து பார்த்தார்கள். கல்யாணப் பேச்சின்போதுகூட அந்தக் கைகளை தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அவன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "நின்னவங்களைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"மாஸ்டர்கிட்ட இருந்தவங்க தெய்வம்ங்கறாங்க. அவரு மாதிரி வராதுங்கறாங்க. தப்பு எங்க மேலதான்ங்கறாங்க. அந்தம்மாகிட்ட இருந்தவன் வாழ்க்கையையே கெடுத்துட்டாங்கன்னு திட்டறான்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. "நின்னவங்களே அப்படிச் சொல்றாங்கன்னா சரிதான்" என்றாள். வாலு துள்ளிக் குதித்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாலுவின் தொடை தேறியது, குதிக்கும் உயரம் கூடியது, வலைக்கு மேலே மணிக்கட்டு வரை தெரிந்தது. அவளுக்காக மணி அடித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கிரேன் அப்பாவின் கட்டிலைத் தட்டிக்காட்டி, "டங்குன்னு அடிச்சாரு தாத்தா!" என்று நூறு தடவை சொன்னாள். கிரேனும் கற்றுக்கொண்டான். எப்படி அதட்டுவது, எப்போது முதுகில் தட்டுவது, வலிக்கிறது என்று ஒருத்தன் வாயெடுப்பதற்குள் எப்படி அவனை வெட்கப்பட வைப்பது. கேட்டவுடன் ராடில் எடைப் பிளேட்டை மாட்டுவது.

பிறகு ஒரு நாள் வாலு காலுறை மாட்டுவதைப் பார்த்தான். குனியாமல், காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இடுப்பா?"

"கொஞ்சம் இழுக்குது மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, வீட்டை ரெண்டாக்கிடுவா."

"ரெண்டு வாரம் நிறுத்து."

"கிளப்புலேர்ந்து என்னைப் பாக்க வர்ற நேரத்துலயா? மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க பாப்போம்."

சொல்ல நினைத்தான். தினமும் படியேறும்போது நினைத்தான். மேலே போனதும் பிளேட்டை எடுத்து மாட்டத் தொடங்கிவிடுவான்.

கிளப் மேலாளர் வந்த அன்று ஹால் நிரம்பி வழிந்தது. தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கு வாலு வந்து நின்றாள். வழக்கமான எடையைத் தூக்கி வைத்தாள். எழும்போது முதுகு ஒரு பக்கமாக நெளிந்ததைக் கிரேன் பார்த்தான். கொட்டகையில் அந்த அம்மாள் கையைக் காட்டியிருப்பாரே, அப்படியொரு நெளிவு.

"ஏத்து" என்றார் மாஸ்டர்.

கிரேன் கையில் பிளேட் இருந்தது. வாலு அவனைத்தான் பார்த்தாள், மாஸ்டரை அல்ல. வேண்டாம் என்று அவன் சொன்னால் நிறுத்திவிடுவாள். வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். மேலாளர் இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிளேட்டை மாட்டினான். அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் மாட்டினான். "மூச்சைப் பிடிச்சுக்க" என்றான்.

ராடு முட்டி வரை வந்தது. அங்கே நின்றது. அவள் கத்தவில்லை, ஏதோ கேள்வி கேட்க வாயெடுத்தவள்போல "மா" என்றாள். ராடு விழுந்தது, அவளும் விழுந்தாள்.

ஹாலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கிரேனுக்குத் தெரிந்தது. கிடங்கில் எத்தனையோ பேரை அப்படித் தூக்கியிருக்கிறான். ஒரு பலகையைக் கொண்டுவரச் சொல்லி, அவள் முதுகு அசையாமல் அதில் ஏற்றி, பதறாமல் மாடியிறக்கினான். பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது: "மூச்சை விட்டுட்டா. அடுத்தவ வா."

ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் எலும்பு நகர்ந்திருக்கிறது, விளையாட்டை மறந்துவிடுங்கள் என்றார்கள். அதே வாரம் கிளப்பிலிருந்து கிரேனுக்குப் போன் வந்தது. நெருக்கடியில் இவ்வளவு நிதானமான ஆளைப் பார்த்ததில்லை, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்றார் மேலாளர்.

மனைவி கிடங்கு வேலைக்கு லீவு போட்டிருந்தாள். தங்கைக்கு உடம்பு துடைத்துவிட்டு, வாளியோடு வெளியே வந்தவள் அவன் எதிரில் நின்றாள்.

"அன்னிக்குப் போய் நின்னவங்களைப் பாத்தீங்களே. அவங்க என்ன சொன்னாங்கன்னுதான் நான் கேட்டேன். எப்படி இருந்தாங்க?"

அவன் சொன்னான். பலகை, ஸ்டூல், திருகு, சிலிண்டர்காரன், கொட்டகை, எதையும் விடவில்லை. அவள் வாளியைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள். "நீங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டீங்க."

உள்ளேயிருந்து வாலு பாத்ரூம் போகக் கூப்பிட்டாள். அவன் எழுந்தான்.

"நீங்க அவளைத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

திங்கட்கிழமை கிளப் மைதானத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் வாலுவின் வயதுக்காரிகள். உயரமாக இருந்தவள் கேட்டாள்: "சார், நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

கொட்டகை அம்மாளின் பேரைச் சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? மாஸ்டரின் பேரைச் சொன்னான். வரிசையில் ஒரு சலசலப்பு. ஆளாளுக்கு முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

கிரேன் ராடின் பக்கத்தில் போய் நின்றான். வெறும் ராடுதான், பிளேட் எதுவும் மாட்டவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. யாருக்கு எங்க வலிக்குது?"

அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இது ஏதோ சோதனை என்று புரிந்துகொண்டவர்கள்போலச் சிரித்தார்கள்.

"யாருக்கும் வலிக்கல சார்" என்றாள் உயரமானவள்.

அவன் திரும்பவும் கேட்டான். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.